ஐந்து எழுத்து

கொக்குவில் என்று தட்டினால்
பத்து எழுத்து என்றது அந்த மென்பொருள்.
எங்களுக்கு அது ஐந்துதான்.

தொழில்நுட்பக் கல்லூரியில்
நாலு மணிக்கு ஆய்கூடம் பூட்டு.
சோதினையில் நிரலைப் பேனையால் எழுதவேணும்,
கோடு போட்ட தாளில்.
அரைப்புள்ளி ஒன்றை விட்டால்
அரைப்புள்ளி குறையும்.

கரண்ட் போன இரவொன்றில்
மடிக்கணினியின் கடைசிப் பதினொரு வீதத்தில்
திருத்தி அனுப்பினேன்.
தியாகோ என்றொருவன், எந்த ஊரோ,
திருப்பி அனுப்பினான்: சோதனை எங்கே?
சிரிப்பு வந்தது.
இங்கே அதைவிட்டால் வேறென்ன இருக்கு.

எழுதி அனுப்பினேன். பிறகும் கேட்டான்:
ஸ்ரீ வந்தால்?

தெரியாது.
இரண்டு நாள் அதைத் திறக்கவேயில்லை.
பேந்து கோடு போட்ட தாள் எடுத்து,
பேனையால்,
சுற்றுச் சுற்றாய் ஓட்டிப் பார்த்தேன்,
கல்லூரி பழக்கிய கை.
நாலாம் சுற்றில் பிடிபட்டது.

சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் இரண்டு வரி.
என் பெயரைத் தட்டிப் பார்த்தேன்:
மதுவந்தி, ஐந்து.

மார்கழியில் இறுதிச் சோதினை.
கடைசி வினா:
மென்பொருள் ஆக்கத்தில் கூட்டுமுயற்சி, குறிப்பு எழுதுக.
நாலு புள்ளி.
மேற்பார்வையாளர் மேசையில் தட்டிச் சொன்னார்,
பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது.