ட்ரை டே, மண்டபம்

திருச்சியிலிருந்து ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தது
ஒரு கிளாஸுக்காக என்று
வீட்டில் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல்.
சுவரைச் சுரண்டினால் சிப்பி உதிர்கிறது.
"ஒரு போட் மெயில்" என்றேன்.
தனியாக வந்த பொம்பளை கேட்டதை
மின்விசிறிகூட நின்று கவனித்தது.
(கரண்ட் போயிருந்தது.)

கித்தேரியான் கை துடைத்துக்கொண்டே வந்தார்.
"இன்னைக்கு மகாவீர் ஜெயந்தி மேடம்.
ரம் கிடையாது.
மத்ததெல்லாம் போடலாம்."

மத்ததெல்லாம் என்றால்
காலையில் இறக்கி ஐஸில் வைத்த பதநீர்,
லேசான சுண்ணாம்பு வாசத்தோடு;
நன்னாரி, நார்த்தங்காய்ச் சாறு,
விளிம்பைச் சுற்றி உப்பு.
வாலிநோக்கத்து உப்பு என்று
அழுத்திச் சொன்னார்.

முதல் வாய் தித்திப்பு.
இரண்டாவதில் உப்பு முந்திக்கொண்டது.
மூன்றாவதில் நாக்கு
எதற்கோ காத்திருந்தது.
வரவில்லை.

"ரம் இல்லாம இது எப்படிங்க போட் மெயில்?"

ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார்.
பாம்பன் பாலத்தை விட்டு இறங்கி
சாயங்கால ரயில்
ஊரைக் கடந்துகொண்டிருந்தது,
பெட்டி பெட்டியாக வெளிச்சம்.
"அதுக்கும் அதே பேருதான்.
கப்பல் நின்னு எவ்வளவு வருஷமாச்சு.
யாராவது இறங்கிட்டாங்களா?"

பில்லில் ரம்முக்கான நூற்றிருபதைப்
பேனாவால் அடித்திருந்தார்.
அதையும் சேர்த்தே வைத்தேன்.
அவர் எண்ணவில்லை.
கிளாஸ் விளிம்பில் மிச்சமிருந்த உப்பை
நான் விரலால் வழிப்பதையே
பார்த்துக்கொண்டு நின்றார்,
ட்ரேயை நெஞ்சோடு அணைத்தபடி.