செய்தாயிற்று

அம்பத்தூர் எஸ்டேட்டில் மே மாதம்.
இரவு இரண்டு மணிக்கும் வெளியே தார் சுடுகிறது.
உள்ளே பதினெட்டு டிகிரியில்
குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு
ஐந்தாவது ரேக்கின் முன்னால் நிற்கிறேன்.

முதலில் ஒரு டிஸ்க்தான் செத்தது.
அது பெரிய விஷயமில்லை, வாரத்துக்கு ஒன்று சாகும்.
அதன் சுமையை மற்றவை வாங்கிக்கொள்ளும்,
ஷேர் ஆட்டோவில் இன்னொருவர் ஏறினால்
எல்லோரும் கொஞ்சம் நகர்வதுபோல்.
இந்த முறை நகர இடமில்லை.
நாலு ஜி.பி. போதும் என்று எழுதிவைத்த ஒவ்வொன்றும்
ஒன்பது கேட்டது, பிறகு பதினொன்று.
நாங்கள் எழுதிவைத்தது வரம்பில்லையாம், வேண்டுகோளாம்.
கையேட்டின் அடிக்குறிப்பில் இருந்தது.
அப்போதுதான் படித்தேன்.

கெர்னலுக்கு அடிக்குறிப்பெல்லாம் கிடையாது.
மெமரி தீர்ந்தால்
அதிகம் தின்றது எதுவோ அதன் கழுத்தைப் பிடிக்கும்.
ஒரே வரி எழுதிவிட்டுப் போகும்: கொல்லப்பட்டது.
செத்ததின் வேலை பக்கத்து நோடின் தலையில்.
அதுவும் வீங்கும்.
இரண்டே காலுக்கு ஆறு. இரண்டரைக்குப் பத்தொன்பது.
எழுப்பினால் எழுந்தன,
பழைய கதையை முதலிலிருந்து படித்தன,
பாதியில் மூச்சு முட்டி விழுந்தன.

அந்தப் பக்கம்
வடபழனியில் ஓர் ஆஸ்பத்திரி
யாரோ ஒருவரின் மூளை ஸ்கேனைக் கேட்டுக்கொண்டே இருந்தது.
பதிலாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது
அங்கே உட்கார்ந்திருந்த டாக்டரின் திரையில்.

பெங்களூரிலிருந்து மேனேஜர் கேட்டார்,
"இன்னும் கொஞ்சம் ரேம் வாங்கிப் போடலாமே?"
இந்நேரத்துக்கு ரிச்சி தெருவில் போய்
ஷட்டரைத் தட்டச் சொல்கிறார் போல.

ஜெபசீலன் வந்தான் லைனில், கொட்டாவியோடு.
"எல்லாத்தையும் எழுப்பாதக்கா.
ரெக்கவரிய நிறுத்து.
யாரையும் வெளிய தள்ளாதேன்னு கொடி போடு.
ஒண்ணே ஒண்ண மட்டும் தொறந்து
அது எத நெனச்சிக்கிட்டிருக்குன்னு பாரு."

திறந்தேன்.
படம் இல்லை, ஸ்கேன் இல்லை, யாருடைய கல்யாணமும் இல்லை.
செய்தாயிற்று.
செய்தாயிற்று.
செய்தாயிற்று.
ஒருமுறை செய்ததை
இன்னொரு முறை செய்துவிடக் கூடாதே என்று
வைத்துக்கொண்ட குறிப்புகள்.
மூவாயிரம் இருந்தால் போதும்.
இருந்தவை அறுபத்திரண்டு லட்சம்.
பழையதைக் கத்தரிக்க வேண்டிய நிரல்
எந்தப் பதிப்பிலோ எண்ணிக்கை தவறி
மூன்று வருடமாய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த நோய்தான்.
கொளத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி
இரண்டாவது சிக்னலில் வண்டியைத் திருப்புகிறவள் நான்.
அதற்கு வைத்தியமாக
பூட்டைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன்.
போனில் நாலாயிரம் பூட்டுகள் இருக்கின்றன.
ஒவ்வொன்றும் தானாக மேலே போய்
எங்கோ என்னைப் போன்ற ஒருத்தியின் ரேக்கில்
மூன்று மூன்று பிரதியாகக் கிடக்கும்.

முதல் ஒன்றைக் கத்தரிக்க இருபத்திரண்டு நிமிடம்.
கத்தரித்ததும் இரண்டு ஜி.பி.யில்
சாதுவாக எழுந்து உட்கார்ந்தது.
நம்பாமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு மும்மூன்றாக.
இடையில் ஒன்றைத் தவறான வரிசையில் எழுப்பி
ஜெபசீலனிடம் திட்டு வாங்கியதை
அறிக்கையில் எழுதவில்லை.

நாலே முக்காலுக்கு அந்த ஸ்கேன் போய்ச் சேர்ந்தது.
கட்டி இடப்பக்கமா, வலப்பக்கமா, கட்டியே இல்லையா,
எனக்கு அது தெரியாது.
அதன் எடை மட்டும் தெரியும்: நானூற்றுப் பத்து எம்.பி.

காவலாளி துளசிங்கத்தின் நோட்டில்
வெளியேறும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஆவின் வண்டி போனது. குல்லாவைக் கழற்ற மறந்திருந்தேன்,
அவர்தான் சொன்னார்.

பாடி பாலத்தில் ஏறும்போது வந்தது:
ஐந்தாவது ரேக்கின் கதவைப் பூட்டினேனா?

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.