இருபத்தைந்து தப்படி

கசாப்புக்கடைத் தாள், முழம் போட்டு வாங்கியது,
வைக்கோல் கட்டின்மேல் நான்கு ஆணியில் தொங்குகிறது.
நடுவில் கரிக்கட்டியால் ஒரு வாத்து.
டெல்மர் வரைந்ததால் கெண்டி போல இருக்கிறது.
போகட்டும்,
சுடப்போவது கெண்டியைத்தான்.

வடக்கு டக்கோட்டாவில் ஆகஸ்ட்.
சூரியகாந்தி வயல் மொத்தமும்
எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது.
இரட்டைக் குழல், வாய்வழியே கெட்டிக்க வேண்டியது,
ஏலத்தில் ஓர் உடைந்த கலப்பையோடு இலவசமாய் வந்தது.
துப்பாக்கி செப்பனிடும் ஹால்வர்சன்
குழலுக்குள் விளக்கை விட்டு நெடுநேரம் பார்த்து,
“இது சாகாது, நீயும் செத்துவிடாதே” என்று
சான்று தந்தார்.

ஈயம் வேண்டாம் என்றேன்.
சட்டம் சொல்வது இருக்கட்டும், என் கைக்கே தெரியும்.
பதினேழு வருடம் கால்நடை ஆய்வகத்தில் இருந்தேன்.
ஒரு மார்ச் மாதம் அன்னம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்,
கழுத்தைத் தூக்க மாட்டாமல்,
நனைந்த மூட்டை போல.
எக்ஸ்ரேயில் அதன் அரைவைப்பைக்குள்
பதினொரு வெள்ளைப் புள்ளி.
கூழாங்கல் என்று விழுங்கியிருக்கிறது.
எதையெதையோ பிரித்தறியும் பறவை,
இதைப் பிரிக்கவில்லை.

“இரும்பு ரவை மலிவு” என்றான் டெல்மர்.
இந்தக் குழல் மெத்தென்ற பழைய இரும்பு,
அந்த ரவை அதை உள்ளிருந்தே உழுதுவிடும்.
பிஸ்மத் வாங்கினேன்.
விலையைக் கேட்டு அவன் தொப்பியைக் கழற்றினான்,
சாவு வீட்டில் கழற்றுவதைப் போல.

கருமருந்து மட்டும்.
புகையில்லா மருந்து டப்பா
இந்தக் கொட்டகை வாசலைத் தாண்டக் கூடாது.
ஒரே அளவுக் குப்பி, மருந்துக்கும் ரவைக்கும்.
இடையில் எண்ணெயில் ஊறிய தக்கை.
முதல் தாளில் சுற்றிலும் ரவை, நடுவில் ஓட்டை:
வடை.
கெண்டி அதற்குள் உட்கார்ந்து சிரித்தது.
மருந்தைக் கூட்டு என்றான் டெல்மர்.
நான் குறைத்தேன். குறைத்தேன்.
ரவை ஒன்றாய்ச் சேர்ந்து நடக்கப் பழகியது.

ஆறாவது தாளின்போது,
கோதுமை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே கெட்டித்தான்.
கோலை இறக்கினான்.
என் நெயில் பாலிஷால் அதில் ஒரு சிவப்புக் கோடு,
குழல்வாயோடு வந்து நிற்க வேண்டும்.
நான்கு விரல் மேலே நின்றது.

வலது குழலில் இரண்டு முறை.
இடது, வெறும் வாய்.

கோதுமை விலை பாதியில் நின்றது.
திருகுமுனைக் கோலை விட்டு
ஒவ்வொரு தக்கையாகப் பிடுங்கினோம். அரை மணி நேரம்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
அவன் கை நடுங்கியதை நோட்டில் எழுதவில்லை.
“பேசாமல் கெட்டிக்கவும்” என்று மட்டும் எழுதினேன்.

அக்டோபர். நாணலோரம் பனிக்கட்டிச் சவ்வு.
இருபத்தைந்து தப்படிக்குள் கெண்டி செத்துவிடும்,
முப்பத்தைந்தில் காயம்தான் படும்,
தாள் அப்படிச் சொல்லியிருந்தது.
கிளுவைகள் வந்தன. பிறகு பச்சைத்தலை வாத்துகள்,
நாற்பதில் இறங்கி இரைச்சல் போட்டன.
குதிரையை ஏற்றினேன். இறக்கினேன்.
ஏற்றினேன்.
டெல்மர் என்னைப் பார்த்தான்.
நான் தாளைப் பார்த்தேன்,
அது கொட்டகையில் இருந்தது, இருந்தாலும்.
பொழுதுக்கும் ஒன்றுகூட நெருங்கவில்லை.

வாய்வழி கெட்டித்ததை
அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.
பொழுது சாய்வதற்குள் வெளியே விட வேண்டும்.
ஆளில்லாத சேற்றுக்கரையைப் பார்த்து
வலது. பிறகு இடது.
வெள்ளைப் புகை, அழுகிய முட்டை நாற்றம்.
புகைக்கு அப்பால்
ஏரியே எழுந்து பறந்தது.

பிக்கிள் யாரையும் கேட்கவில்லை.
காலையிலிருந்து காத்திருந்த நாய்.
சேற்றில் புதைந்து புதைந்து ஓடி,
முகர்ந்து, திரும்ப முகர்ந்து,
கருகிய தக்கை ஒன்றைக் கவ்வி வந்து
என் பூட்ஸின்மேல் வைத்தது,
பல் படாமல்,
பழக்கியபடியே.