இருபத்தேழாம் எண் டப்பா

நாற்பது டப்பா. எல்லாம் ஒரே வெள்ளை.
இருபதில் அமுக்கரா வேரும் வெந்தயச் சத்தும்.
இருபதில் வெறும் கூவைக்கிழங்கு மாவு,
கசப்புக்கு ஒரு சிட்டிகை நிலவேம்பு.
எதில் எது என்று தின்றவர்களுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
தரமணியில், பூட்டிய அலமாரிக்குள் இருந்த
ஓர் உறைக்கு மட்டும் தெரியும்.

பன்னிரண்டு வாரம்
செவ்வாயும் வெள்ளியும்
விடியுமுன் வியாசர்பாடி.
சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால்
சுற்றிப் போகும் ஆட்டோ,
மடியில் எடை மெஷின்.
தகரக் கூரை ஜிம்மில்
துருவும் தைலமும் மணக்கும்.
பக்கத்து மாவு மில்லில் மிளகாய் அரைத்தால்
அவர்கள் தும்மிக்கொண்டே தூக்குவார்கள்
நான் தும்மிக்கொண்டே எழுதுவேன்.

தொடைச் சுற்றளவு. புஜம்.
தூக்கிய இரும்பு எத்தனை கிலோ.
தூங்கியது எத்தனை மணி.
வயிறு கலக்கியதா,
வேறு மாத்திரை உண்டா,
சாப்பாடு வழக்கம்போலா, மாறியதா.

கேபிள் வேலைக்குப் போகும் தேவநேசன்
ரத்தத்துல எறும்பு ஊருது மேடம் என்றான்.
அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.
நான்காம் வாரம் வாந்தி எடுத்த மல்லேஸ்வரி
பிறகு வரவில்லை.
அட்டவணையில் அவள் இப்போது ஒரு சிறு கோடு.

நடுவில் ஒருநாள் கம்பெனிக்காரர் வந்தார்.
லேபிளின் மாதிரி காட்டினார்:
பச்சை இலை, அதன் மேல்
'நூறு சதவீதம் இயற்கை'.
எட்டிக்காயும் இயற்கைதான் சார் என்றேன்.
சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.
ஆட்டோ காசு அவர் பணம்.

காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு
ஐஸ் உடைக்கும் பியூலா, எண் இருபத்தேழு.
முதல் நாள் எழுபத்தொன்று தூக்கினாள்.
கடைசி நாள் எழுபத்தொன்பது.
பாரைக் கீழே போட்ட சத்தத்தில்
கூரையிலிருந்து ஒரு புறா பறந்தது.
கசப்புலயே தெரிஞ்சுது மேடம், என்னுது ஒரிஜினல் என்றாள்.

உறையைக் கிழித்தோம்.
இருபத்தேழு: கூவைக்கிழங்கு.

கணக்கும் அப்படித்தான் வந்தது.
மருந்து தின்றவர்கள் சராசரியாக
ஒன்றரைக் கிலோ கூடுதல்.
ஆனால் அந்த ஒன்றரையின் நிழல்
சுழியத்தையும் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது.
வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.
செய்யவில்லை என்றும்
சொல்ல முடியாது. இந்த வாக்கியத்தை
எந்த டப்பாவில் ஒட்டுவார்கள்?

பியூலாவிடம் சொல்லப் போனேன்.
மாவா என்று கேட்டாள்.
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
மிச்சம் அரை டப்பா இருக்கு,
அண்ணன் புள்ளைக்குக் கஞ்சி காச்சவா என்றாள்.
பிறகு பட்டைக் கழற்றியபடியே,
யாரிடமோ சொல்வதுபோல்:
நீங்க குடுத்த பஸ் காசு, நூத்தியிருபது,
நான் எங்க பஸ்ல வந்தேன்?
காசிமேட்லேர்ந்து நடைதான்.
ரெண்டு நாள் காசுக்கு
வாரம் ஓர் அட்டை முட்டை.
முன்னல்லாம் ஞாயித்துக்கெழமை ஒண்ணு.

படிவங்களைப் புரட்டினேன்.
இருபத்துநாலு தாளிலும்
'வழக்கம்போல்' கட்டத்தில் டிக்.
மாறிடுச்சுன்னு போட்டா
எடுத்துடுவீங்கன்னு பயம் என்றாள்.
எடுத்திருப்போம்தான்.

அறிக்கையின் பதினோராம் பக்கத்தில்
'ஆய்வின் குறைகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்:
பங்கேற்றோரின் உணவு
போதிய அளவு கண்காணிக்கப்படவில்லை.
ஏழு சொல்கூட இல்லை.
முந்நூற்று அறுபது முட்டை ஓட்டையும்
விடிகாலை ரயில்வே பாலத்தடி நடையையும்
அதற்குள் மடித்துத் திணித்தேன்.
கம்பெனிக்காரர் அந்தப் பக்கம் படிக்க மாட்டார்.

நேற்று போன் வந்தது.
எடுத்ததும் பின்னால் ஐஸ் நொறுங்கும் சத்தம்.
அடுத்த ஆராய்ச்சி எப்போ மேடம்?
மாவுன்னாலும் பரவால்ல.