ஆறாம் படுக்கை

முகப்பில் சிமெண்டால் இழைத்திருந்த
முதல் இரண்டு சொல்லைக் கொத்தி எடுத்தவர்கள்
மூன்றாவதற்குக் கூடுதல் கூலி கேட்டார்களாம்.
அதனால் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பலகையை
இன்றும் இப்படித்தான் படிக்கிறார்கள்:
தினசரி
டயாலிசிஸ் மையம்.
தினசரி இல்லைங்க, வாரம் மூன்று முறை என்று
போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டி இருப்பது
காகித உருளைகள் அடுக்கிய அறை.
எட்டு இயந்திரங்கள் நிற்கும் கூடத்தில்
அன்று ஒன்றே ஒன்று நின்றது.
அதன் போல்ட்டுகளை அறுத்தார்கள், பிடுங்கவில்லை.
டைல்ஸ் ஒட்டியும் அங்கே ஒரு மேடு.
ஆறாம் படுக்கை ஆடும்.
சக்கரத்துக்கடியில் நான்காய் மடித்து வைப்பேன்
நேற்றைய பேப்பரை.

செவ்வாய், வியாழன், சனி அந்தப் படுக்கை
செங்கோட்டுவேலுவுக்கு. வெல்ல மண்டிக்காரர்.
வேறு எது காலியாக இருந்தாலும் வேண்டாம்.
"நான் செத்தது இங்கதாம்மா" என்பார்
ஊசி குத்தும்போது.

எண்பத்தேழு, தை மாதம்.
மண்டி திறப்புவிழாவுக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறார்.
ராத்திரி ஷிப்டில் யாரோ இரண்டு பிளாக்கை மாற்றிப் பூட்ட
இவர் முகம் கண்ணீர் அஞ்சலிக்குப் போயிற்று.
ராசிபுரம், ஆத்தூர், ஏற்காட்டு முதல் பஸ்,
கட்டு இறங்கிய இடமெல்லாம்
விடிவதற்குள் இறந்துபோனார்.
நாமகிரிப்பேட்டை மாமனார் வேன் பிடித்து வந்து
வாங்கிய மாலையை என்ன செய்வதென்று தெரியாமல்
கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் கழுத்திலேயே போட்டார்.
மறுநாள் ஆறாம் பக்கத்தில் மூன்று வரி, வருந்துகிறோம்.
கடன் வாங்கியவர்கள் மட்டும்
அதைப் படிக்கவேயில்லை.

மாறிப்போன இன்னொருவர்
தாதகாப்பட்டி தறிக்காரர், பேர் அர்த்தநாரி.
இறந்த மூன்றாம் நாள் வெல்லக்கடை திறந்தார்,
இரண்டு வாழைமரத்துக்கு நடுவில்,
அனைவரும் வருக என்று.
அவர் மகள் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாளாம்.
"போய்ப் பாத்தேன்.
என்னைவிட அவருக்குத்தான் பொருந்துச்சு."

நாலு மணி நேரம். அலாரம் இரண்டு தடவை அடித்தது
பேச்சு வாக்கில் கையை மடக்கியதால்.
ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்து, பஞ்சு வைத்து அழுத்தி,
எடை பார்க்க ஏற்றினேன். ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு.
எழுதியதும் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பச் சொல்வார்.
விரல் வைத்து முதலில் பேர், பிறகு எண்.
இன்று கண்ணாடி கொண்டுவரவில்லை.
நீயே வாசி என்றார்.
வாசித்தேன்.
இன்னொரு தடவை என்றார்.