பேன் கணக்கு

ஃபாரோ தீவுகளில் பாம்பு கிடையாது.
எங்கள் அலுவலகக் கீழ்த்தளத்தில் மட்டும்
ஒரு பைத்தான்.
பத்து வருஷமாக விழுங்கியதையெல்லாம்
வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு,
இனி இடமில்லை என்று
செவ்வாய் இரவு பதினொன்றே காலுக்குச் சொன்னது.

க்ளாக்ஸ்விக் துறைமுகத்தில் காற்று
படகுக் கயிறுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஹோக்னி தொலைபேசியில்:
பழசையெல்லாம் தூக்கிப் போடு, ரன்வா,
காலையில் எனக்குக் கணக்கு வேண்டும்.
பழசு எது என்று சொல்லவில்லை.

பட்டியல் கேட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
படம் திறக்க மூன்று,
தேதியைத் தேதியாக எழுத இரண்டு,
ஒரே பொட்டலம் நான்கு பதிப்பில்,
பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பிகளாய்
தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு.
ஒன்றைத் திறந்தால் உள்ளே பதினோரு வரி,
மேலே டேனிஷில் ஒரு குறிப்பு:
பிறகு சரி செய்யணும்.

பேன் சீப்பு இதற்குக் கிடையாது.
ஒவ்வொன்றாக, நகத்தால்தான்.
நீக்கு.
நிச்சயமா?
ஆம்.
நிச்சயமா?
ஆம்.
இருபதுக்குப் பிறகு கேள்வியைப் படிக்கவில்லை, விரல் மட்டும் பதில் சொன்னது.
நாற்பத்தொன்றாவது,
பதிப்பு பூஜ்யம் புள்ளி மூன்று,
படத்தில் நிழல் அகற்றும் பொட்டலம்.
இதை நம்பி யாருமில்லை என்றது கருவி.
நம்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்களை மட்டும்தான்
அதற்குத் தெரியும்.

பன்னிரண்டு கிகா காலி.
விசிறியின் இரைச்சல் அடங்கியது.
நான் மேஜையிலேயே தூங்கிப்போனேன்.

நான்கு மணிக்குத் தானாக ஓடும் நிரல் ஓடியிருக்கிறது.
ஏழாம் கூண்டு, சால்மன்.
மீனுக்கு எத்தனை கடல் பேன் என்ற எண்
நேற்று வரை ஒன்று புள்ளி ஆறு.
இன்று பூஜ்யம் புள்ளி எட்டு.

சிவப்பு எழுத்தில் பிழை இல்லை,
எச்சரிக்கை இல்லை,
சாந்தமாக, சரிபாதி.

ஹோக்னி துள்ளினான்.
மருந்து வேண்டாம், தலைமையகத்துக்கு எழுதிவிடலாம்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
அந்தக் குட்டிப் பொட்டலம்
நிழலை அகற்றிக்கொண்டிருந்ததா,
நிழலையும் பேன் என்று சேர்த்துக்கொண்டிருந்ததா?
ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கி
ஆறு வருஷம் மருந்து ஊற்றினோமா?
இல்லை, நேற்றிரவு நான்தான்
பெருமாளைப் பேனாக்கிவிட்டேனா?

பெய்னிர் படகை எடுத்தான். ஏனென்று கேட்கவில்லை.
ஏழாம் கூண்டில் கைவலை போட்டு இருபது மீன்,
மயக்கத் தொட்டியில் கொஞ்ச நேரம்,
பிறகு ரப்பர் உறைக்குள் வழுக்கும் வெள்ளி வயிறு.
துடுப்புக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று,
முட்டைச் சரம் இரண்டு தொங்கவிட்டபடி.
அவன் உரக்க எண்ண, நான் எழுத,
பென்சில் மழையில் நனைந்து
இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினோம்.
எட்டாவது மீன் முழித்துக்கொண்டு
என் முகத்தில் வாலால் ஒன்று வைத்தது.

இருபது மீனில் இருபத்து மூன்று.
பழசும் சொல்லாத எண், புதுசும் சொல்லாத எண்.

அப்போ எதுதான் சரி? என்றான் பெய்னிர்.
இந்த இருபது மீன்.
கூண்டில் அறுபதாயிரம் இருக்கே.

நீக்கிய நாற்பதை நீக்கியபடியே விட்டேன்.
நாற்பத்தொன்றை மட்டும் காப்பு வட்டிலிருந்து எடுத்து
புதியதற்குப் பக்கத்தில் குடிவைத்தேன்.
இப்போது தினமும் நான்கு மணிக்கு இரண்டு எண்கள் வருகின்றன,
ஒன்றையொன்று ஒப்புக்கொள்ளாமல்.
மூன்றாவதாக ஒரு பத்தி, காலியாக, கையால் நிரப்ப.
அதற்கு வாரம் ஒரு நாள் படகு வேண்டுமென்று
ஹோக்னிக்கு எழுதியிருக்கிறேன்.

டீசல் எத்தனை லிட்டர் ஆகும் என்று கேட்டிருக்கிறான்.
அதையும் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.