பதினோராம் கட்டம்

படிவத்தின் பதினோராம் கட்டத்தில்
கண்டுபிடித்தவர்களின் பங்கைச்
சதவீதத்தில் எழுதச் சொல்கிறார்கள்.
கூட்டினால் நூறு வரவேண்டும்.
தொண்ணூற்றொன்பது வந்தால் கணினி ஏற்காது.

பொருள் இதுதான்:
பின் பம்பரில்
ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரு வட்டம்.
உள்ளே மெல்லிய தகடு.
நம் காதுக்கு எட்டாத குரலில் கூப்பிடும்.
சுவரோ தூணோ திருப்பி அனுப்பும் குரலைக் கேட்டுத்
தூரம் சொல்லும்.
(வௌவாலை இழுக்காதீர்கள்.
இந்தக் கட்டடத்தில் யார் எதை விளக்கினாலும்
முதல் பக்கத்தில் வௌவால்தான் தொங்குகிறது.)

நவம்பரில் புகார்கள் வந்தன.
பின்னால் ஈ காக்கை இல்லை,
வண்டி அலறுகிறது, தானே நின்றும் விடுகிறது.
உல்ம் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர்
மூன்று பக்கம் எழுதியிருந்தார்.
அதில் ஒன்றரைப் பக்கம் வசை,
ஒரு காற்புள்ளிகூடப் பிசகாத வசை.

ஏபெர்லே, ஈரம் என்றார்.
குல்ஷென், பசை என்றாள்.
வன்பொருள் என் பொறுப்பு,
அதனால் நான் மென்பொருள் என்றேன்.
ஆறு வாரம்
உறையவைத்தோம், உப்புநீர் தெளித்தோம்,
அதிர்வு மேடையில் இரவெல்லாம் குலுக்கினோம்.
ஆய்வகத்தில் அது
சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாகவே இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
லெயோன்பெர்க் ரயில் நிலைய வாசலில்
என்னை இறக்கிவிட
குல்ஷென் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள்.
பக்கத்தில் பேருந்து வந்து நின்றது,
பிரேக்கில் அடைபட்ட காற்றை விட்டது:
உஸ்ஸ்.
எங்கள் வண்டி அலறியது.

நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தோம்.
உஸ்ஸ்.
அலறல்.

அன்று மூன்று ரயில்களை விட்டேன்.
மூன்றாவது பேருந்தின் ஓட்டுநரிடம் போய்,
நின்ற இடத்திலேயே காற்றை மட்டும் விட முடியுமா என்றோம்.
சட்டையில் பெயர்ப்பட்டை: பெட்ரோவிச்.
ஏழு நிமிடம்தான் ஓய்வு அவருக்கு.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
மடியில் ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு
பத்தொன்பது முறை மிதித்தார்.
நான் மடிக்கணினியில் பத்தொன்பது கோடுகளைச் சேமித்தேன்.

அந்த உஸ்ஸுக்குள் எல்லாச் சுருதியும் இருந்தது,
நாங்கள் கூப்பிடும் ஒற்றைச் சுருதியும்.
பாவம், தன் குரல்தான்
எதிலோ பட்டுத் திரும்பியது என்று
தகடு நம்பியிருக்கிறது.

இப்போது அது எடுத்த எடுப்பில் கத்துவதில்லை.
முதலில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி
சும்மா இருக்கிறது.
ஊரில் என்ன சத்தம் என்று கேட்கிறது.
பிறகு கீழிருந்து மேலே வழுக்கியோ
மேலிருந்து கீழே சரிந்தோ
இடத்துக்குத் தக்கபடி கூப்பிடுகிறது.
போன சாயலிலேயே திரும்பி வந்தால் தன்னுடையது,
மற்றதெல்லாம் தெருச்சத்தம்.

சரிவது வழுக்குவதெல்லாம் பழசு,
இந்தச் சும்மா இருப்பதுதான் புதுசு என்றார்
காப்புரிமை வழக்கறிஞர்.
சும்மா இருப்பதை அவர்
ஜெர்மனில் நாற்பத்தொரு சொல்லில் எழுதினார்.

ஓட்டுநரைப் பற்றியும் அவரிடம் கேட்டேன்.
மிதிப்பது உதவி, கண்டுபிடிப்பல்ல என்றார்.
சட்டப்படி சரி.
எனக்கும் அது சரியென்றே பட்டது, அதுதான் உறுத்தல்.
படிவத்தில் பணியாளர் எண் வேறு கேட்கிறார்கள்.

ஏபெர்லே நாற்பது.
குல்ஷென் முப்பத்தைந்து.
நான் இருபத்தைந்து.
நூறு. கணினி ஏற்றுக்கொண்டது.

மார்ச்சில் புதிய தகட்டோடு
அதே வாசலுக்குப் போனோம்.
பேருந்து நின்றது, உஸ்ஸ் என்றது.
எங்கள் வண்டி வாய் திறக்கவில்லை.
மேலே கண்ணாடி வழியே
பெட்ரோவிச் எங்களைப் பார்த்தார்,
அடையாளம் கண்டார் போலும்.
ஒரு கை ரொட்டியில் இருக்க,
கேட்காமலே
இருபதாவது முறை மிதித்தார்.